கம்பியில்லாத் தந்தியும் கதையளப்போரும்

புழல் என்றதும் வெளியூராருக்குச் சிறைச்சாலை நினைவுக்கு வருகிறது. எங்களுக்கோ ஏரி நினைவுக்கு வருகிறது. தொண்டை மண்டலத்துப் பழங்கோட்டங்கள் இருபத்துநான்கனுள் ஒன்றுக்குப் பெயர் ஈந்த ஊர் இது. சென்னை மாநகரின் தாகம் தணிக்கும் நீர் இவ்வூர் ஏரியில் தேங்குகிறது. அந்த ஏரிக்கரையை அடுத்த தெரு ஒன்றில், சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, கதாகாலட்சேபம் நடந்தது. அவ்வழியே சென்றவன், கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டேன்.

வந்திருந்தவர் வாய்ச்சாலகர். கம்சன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், இடையில் நிறுத்தினார். கம்சனுக்கு எச்சரிக்கை தந்த அசரீரி எது தெரியுமா என்று கேட்டார். அதுதான் வானொலி என்றார்! மேனாட்டார் நேற்றுக் கண்டதை நம் முன்னோர் யுகங்களுக்கு முன்பே கண்டுவிட்டனர், எல்லாம் வேதத்தில் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம் என்றார். கைத்தட்டல் வானைப் பிளந்தது.

நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. வாயருகே இருந்த ஒலிவாங்கியைப் பார்த்தேன். அந்த ஒலிவாங்கியும், கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியும், அவற்றுக்கு உயிரூட்டிய மின்சாரமும் இல்லையேல், அவர் அளந்த கதை மூன்றாம் வரிசைக்கு அப்பால் கேட்டிராது. எந்த அறிவை அவர் நேற்றைய அறிவு என்று இகழ்ந்தாரோ, அந்த அறிவின் தோளில் ஏறி நின்றுகொண்டுதான் இகழ்ந்தார். ஏணியில் நின்றுகொண்டு ஏணியை ஏசுவோரை நாடு எத்தனை காலமாய்ப் பார்த்து வருகிறது!

சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் அமர்ந்திருந்தோர் பள்ளிச் சிறார். நாளைக்கு இயற்பியல் பாடத்தில் மின்காந்த அலைகளைப் பற்றிப் படிக்கப் போகிறவர்கள். அவர்கள் நெஞ்சில் ஒரு பொய், கைத்தட்டலோடு பதிவதைப் பார்த்தேன். ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

வானொலி எங்கே பிறந்தது? கேளுங்கள், நண்பர்களே.

ஸ்காட்லாந்து நாட்டு மாக்ஸ்வெல், 1865-இல், மின்சாரமும் காந்தமும் கைகோத்து அலையாய்ப் பரவும் என்று கணக்கிட்டு உரைத்தார். அது கணக்கு, கண்கண்ட உண்மையாகிவிடவில்லை. செருமானியரான ஹெர்ட்ஸ், 1887-லும் 1888-லும், மின்பொறி ஒன்றை எழுப்பி, அறையின் மறுபக்கத்தில் இருந்த கம்பி வளையத்தில் வேறொரு சிறு பொறி துள்ளக் கண்டார். கணக்கு மெய்யாயிற்று! பிரெஞ்சுக்காரரான பிரான்லி, கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை இட்டு, மின்பொறி எழும்போது அத்தூள் மின்சாரத்துக்கு வழிவிடுவதைக் கண்டார். ஆங்கிலேயரான லாட்ஜ் அக்குழாயை 1894-இல் அலைகளை உணரும் கருவியாக அவையோர் முன் காட்டினார். நான்கு நாட்டார், நான்கு மொழியார் அல்லர் எனினும் நான்கு ஊரார், முப்பது ஆண்டு உழைப்பு! ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்தார். சோதித்ததை இன்னொருவர் திருத்தினார். எவரும் ஏட்டுச் சுவடியைத் தலையில் வைத்துக் கூத்தாடவில்லை.

இனி 1895-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் மூன்று பேர், மூன்று நகரங்களில், ஒரே அலையைத் துரத்திக்கொண்டிருந்தனர். மாஸ்கோவில் லெபெதேவ், 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை எழுப்பி, படிகத்தில் அவை ஒளியைப் போலவே இரண்டாகப் பிரிவதைக் காட்டினார். ரஷ்யாவின் கடற்படைத் தளமான குரோன்ஸ்டாட்டில், கண்ணிவெடிப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திய அலெக்சாந்தர் போபோவ், மின்னலின் அலையை எட்ட இருந்தே உணரும் கருவி ஒன்றைச் செய்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில், குளியலறையை ஒட்டிய சிற்றறையில், சகதீச சந்திர போசு 5 மில்லிமீட்டர் அலைவரை எட்டிக்கொண்டிருந்தார்.

போபோவ் யார்? உரால் மலைச் சுரங்க ஊர் ஒன்றில், 1859-இல், குருக்கள் வீட்டில் பிறந்தவர். சமயக் கல்விக்கூடத்தில் படிக்க வைக்கப்பட்டவர். தந்தையின் தொழிலைத் தொடர்ந்திருந்தால் மணியடித்து மந்திரம் ஓதியிருப்பார். அவரோ பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் படியேறினார், இயற்பியலைப் பயின்றார். அவரும் ஒரு மணியை அடித்தார்! ஆனால் அது எப்படிப்பட்ட மணி?

கண்ணாடிக் குழாய். அதனுள் இரும்புத் தூள். சாதாரண வேளையில் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும், மின்சாரம் போகாது. எங்கோ மின்னல் வெட்டுகிறது. அதன் அலை காற்றைக் கடந்து குழாயைத் தீண்டுகிறது. தூள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மின்சாரம் பாய்கிறது, மணி ஒலிக்கிறது. ஆனால் பற்றிய தூள் பற்றியபடியே இருந்துவிட்டால் அடுத்த அலையை உணர்வது எங்ஙனம்? போபோவின் அறிவுக் கூர்மை இங்கேதான் மிளிர்ந்தது. மணியை அடிக்கும் அதே சுத்தி, திரும்பி வரும்போது குழாயையும் தட்டிவிடும்படி அமைத்தார். தூள் உதிர்கிறது, கருவி அடுத்த செய்திக்குத் தானே ஆயத்தமாகிறது. 1895 மே 7-ஆம் நாள், ரஷ்ய இயற்பியல் வேதியியல் கழகத்தில் இக்கருவியை இயக்கிக் காட்டினார்.

வானொலியை முதலில் கண்டவர் போபோவா, மார்க்கோனியா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு மனுச் செய்தவர் மார்க்கோனி. 1909-இல் நோபெல் பரிசைப் பிரவுனுடன் பகிர்ந்துகொண்டவரும் மார்க்கோனி. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வேறொரு நிகழ்ச்சியைச் சொல்ல வந்தேன்.

1899 நவம்பரில், பின்லாந்து வளைகுடாவில் ஹோக்லாந்து தீவருகே, ரஷ்யப் போர்க்கப்பல் அப்ராக்சின் பாறையில் ஏறிச் சிக்கிற்று. கடல் உறையும் பருவம். தந்திக் கம்பி போட வழியில்லை. போபோவும் அவருடைய துணைவர்களும் தீவில் ஒரு கம்பம் நட்டனர். 40 கிலோமீட்டருக்கும் அப்பால், கோட்கா நகரின் பக்கத்தில் மற்றொரு கம்பம் நட்டனர். 1900 பிப்ரவரியில் காற்றின் வழியே செய்தி சென்றது. அது போர்க்கப்பலைப் பற்றிய செய்தி என்றா எண்ணுகிறீர்கள்? இல்லை. மீனவர்கள் சிலர் பனிப்பாளத்தோடு பிளவுண்டு கடலுக்குள் அடித்துச் செல்லப்படுகின்றனர். பனி உடைக்கும் கப்பலான எர்மாக் உடனே சென்று அவர்களை மீட்க வேண்டும் என்பது செய்தி! எர்மாக் சென்றது. 27 மீனவர்கள் உயிரோடு கரை சேர்ந்தனர்.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். புராணத்து அசரீரி யாருக்கெல்லாம் பேசிற்று? அரசனுக்குப் பேசிற்று, அரசியின் பேறு பற்றிப் பேசிற்று, சாபத்தைச் சொல்லிற்று, வரத்தைச் சொல்லிற்று. புயல் வருகிறது, கட்டுமரத்தைக் கரைக்குத் திருப்பு என்று ஒரு மீனவனிடம் அது பேசியதாக எந்தப் புராணத்திலாவது உண்டா? போபோவின் அசரீரியோ, தொடங்கிய காலத்திலேயே, பெயர் தெரியாத 27 ஏழைகளுக்காகப் பேசிற்று. இதுவன்றோ அறிவு! இதுவன்றோ அருள்!

இனி நம் நாட்டுப் போசுக்கு வருவோம். 1858 நவம்பர் 30-இல் பிறந்தவர். தந்தையார் அரசாங்க அதிகாரி. அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே அன்றைய பெருமை. அத்தந்தையோ மகனைத் தாய்மொழியாம் வங்காளத்தில் கற்பிக்கும் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே தமக்கு வலப்புறம் தந்தையின் ஏவலாளரான முஸ்லிம் ஒருவரின் மகனும், இடப்புறம் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்திருந்ததைப் போசு 1915-இல் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அத்தோழர்கள் சொன்ன கதைகளே, இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம் உள்ளத்தில் விதைத்திருக்கும் என்றார். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வாழ்வோர் கவனிக்கட்டும்: உலகம் வியந்த இயற்பியலறிஞனின் முதல் ஆசான்களுள் ஒருவன், மீனவச் சிறுவன்!

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய போசுக்கு 1885-இல் பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. எப்படிப்பட்ட வேலை? வெள்ளையருக்கு முழுச் சம்பளம். அதே வேலை செய்யும் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதி. ஆக, மூன்றில் ஒரு பங்கு! இந்தியருக்கு இயற்பியல் போன்ற நுண்ணறிவுப் பாடம் வராது என்பது அதிகாரிகளின் எண்ணம். நிறத்தைப் பார்த்து நிறுக்கும் தராசு அது. பிறப்பைப் பார்த்து நிறுக்கும் தராசை நாம் அறிவோமாதலால், இத்தராசும் நமக்குப் புதிதன்று. போசு என்ன செய்தார்? மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடவில்லை. இறுதியில் நிர்வாகம் பணிந்தது. முழுச் சம்பளமும், முன்தேதியிட்டு நிலுவையும் கைக்கு வந்தன.

கருவி வேண்டுமே! ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ளத்தக்க ஒன்று அவருக்கு இல்லை. அவருடைய நுண்கருவிகளைச் செய்து தந்தவர் யார்? முறையான பயிற்சி ஏதும் பெறாத ஒரு தகரக் கொல்லர். அக்கருவிகளைக் கொண்டுதான், மின்னலைகள் சுவரைத் துளைத்துச் சென்று மணியை ஒலிப்பதையும், வெடிமருந்தைக் கொளுத்துவதையும் கல்கத்தா மக்கள் கண்டனர். 1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் தம் முதல் ஆய்வுரையைப் படித்தார்; 1897 சனவரி 29-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அதே கருவிகளோடு நின்றார். அவர் எழுப்பிய அந்த மில்லிமீட்டர் அலைகளைத்தான் இன்று கைப்பேசித் தொழில் நாடிச் செல்கிறது.

போசின் பெயரை உலகம் அறியும். அந்தத் தகரக் கொல்லரின் பெயர் எந்த மேடையில் ஒலிக்கிறது? சிந்தியுங்கள். இந்த நாட்டில் அறிவியல் ஏன் தழைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அறிந்தவன் ஒருவன், செய்தவன் வேறொருவன். ஓதுபவன் கையில் அழுக்குப் படலாகாது; உழைப்பவன் காதில் ஓத்து விழலாகாது. தலையையும் கையையும் வெட்டிப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே சாதிச் சுவர் எழுப்பிய நாட்டில் சோதனை அறிவியல் எப்படி முளைக்கும்? சோதனை என்பதே தலையும் கையும் சந்திக்கும் இடம் அன்றோ! குருக்கள் மகன் போபோவ் தூளைக் கையால் அள்ளிக் குழாயில் இட்டார். அதிகாரி மகன் போசு, தகரக் கொல்லரோடு அமர்ந்தார். சுவர் அங்கே இடிந்தது. அங்கேதான் அலை பிறந்தது.

'இருக்கட்டும், அந்தப் போசே வேதாந்தத்தைப் புகழ்ந்தவர் ஆயிற்றே' என்று கதையளப்போர் மடக்கக்கூடும். உண்மை, மறைக்கவில்லை. 1901-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவின் முடிவில், அனைத்தும் ஒன்றே என்று கங்கைக் கரையில் முன்னோர் உரைத்ததைத் தம் ஆய்வோடு இணைத்துப் பேசினார். 1917-இல் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தைக் கோயில் என்றே அழைத்தார். ஆனால் ஒன்று கேட்கிறேன். லண்டன் அறிஞர்கள் மின்னலைகளைப் பற்றிய அவர் முடிவை ஏற்றது, கங்கைக் கரையைச் சொன்னதாலா, கருவியை இயக்கிக் காட்டியதாலா? தாவரங்களின் உணர்ச்சி பற்றிய ஆய்வைக் கொண்டுவந்தபோது அதே அறிஞருள் சிலர் ஐயுற்று எதிர்த்தனர். அப்போது அவர் வேதத்தைத் துணைக்கு அழைத்தாரா? மேலும் நுட்பமான கருவிகளைச் செய்தார். மேலும் சோதனைகளைக் காட்டினார். அவருடைய பெருமிதம் அவருக்குச் சொந்தம். அவருடைய சோதனையோ எல்லோருக்கும் சொந்தம். நீங்கள் செய்தாலும் அதே விளைவு, நான் செய்தாலும் அதே விளைவு. எது சோதனையில் நின்றதோ அதைக் கொள்வோம். எது பேச்சில் மட்டும் நின்றதோ அதைப் பேச்சாகவே விட்டுவிடுவோம். பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்புவது, போசைப் பொறுத்தவரையிலும் மூடநம்பிக்கையே!

கதையளப்போரைக் கண்டித்தாயிற்று. அத்தோடு நிறுத்தினால் நானும் ஒரு கதையளப்போன் ஆவேன். நம் முதுகையும் சற்றுப் பார்ப்போம்.

நான் படித்த பள்ளியில் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. கண்ணாடி அலமாரியில் காந்தம், கம்பிச்சுருள், முப்பட்டகம், மின்னோட்டமானி எல்லாம் அணிவகுத்திருந்தன. ஆண்டில் ஒருநாள் அந்த அலமாரி திறக்கப்படும். ஆயுத பூசையன்று! ஒவ்வொரு கருவிக்கும் சந்தனப் பொட்டு, குங்குமத் திலகம், பொரி கடலை. மறுநாள் மீண்டும் பூட்டு. தொட்டால் உடைந்துவிடும் என்பார்கள். புழலில் சிறை ஒன்றுதான் என்று எவர் சொன்னது? கருவிகளுக்கும் சிறை உண்டு. ஆயுள் தண்டனையும் உண்டு. நாங்களோ மின்காந்த அலையைக் கண்ணால் காணாமலே, கேள்விக்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கினோம். மனப்பாடம் செய்த மந்திரத்துக்கும் மனப்பாடம் செய்த மாக்ஸ்வெல்லுக்கும் என்ன வேற்றுமை? பொருள் அறியாது ஓதினால் இரண்டும் ஓத்துத்தானே!

பின்னாளில் பொட்டு வைத்தவர்களைக் கேலி செய்து மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால் ஒருநாளேனும் அந்தத் தலைமையாசிரியரிடம் சென்று, சாவியைத் தாருங்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. பொட்டைப் பழித்தேன், பூட்டை மறந்தேன். பகுத்தறிவு பேசும் நம்மில் பலருடைய கதை இதுதான். அறிவியல் வாழ்க என்று முழங்குவோம். சோதனைக் குழாயைத் தொட்டிருக்க மாட்டோம்.

இந்த மெத்தனத்தின் விலை என்ன தெரியுமா? 2017 நவம்பர் 30. போசு பிறந்து 159 ஆண்டுகள் நிறைந்த அதே நாள். ஓகிப் புயல் குமரிக் கடலில் சீறிற்று. பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடல் சென்றிருந்தோரின் படகுகளில் பேசும் கருவிகள் இருந்தும், அவை கரையை எட்டும் ஆற்றல் அற்றவை. எச்சரிக்கை கரையில் ஒலித்தது, கடலில் கேட்கவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. 1900-இல் பனிக்கடலில் 27 மீனவரைக் காத்த அறிவு, 117 ஆண்டுகள் கழித்து நம் மீனவரை எட்டவில்லை. அறிவு இல்லாமலா? கருவி இல்லாமலா? அது யாருக்காக என்ற எண்ணம் இல்லாமல்!

நம் வடசென்னைக்கே வாருங்கள். 2023 டிசம்பரில், மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தோர் மூச்சு முட்டி எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அவர்களுக்கு வாய்த்த கருவி, அவரவர் மூக்கு! அளக்கும் கருவி எவன் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதே கணக்கு. கருவி இல்லாதவன் சொல்வது புலம்பல் என்று ஒதுக்கப்படும். ஆகவே, தொழிற்சாலைகளின் நிழலில் வாழும் எளிய மக்களின் பிள்ளைகள் கருவியைத் தொடுவது பொழுதுபோக்கன்று, உயிர்காப்பு.

சென்ற மாதம், எங்கள் படிப்பகத்து மேசையில் சிறுவர் சிலரோடு அமர்ந்தேன். லேத் பட்டறையில் கூட்டித் தள்ளிய இரும்புத் தூள் கொஞ்சம், சிறு கண்ணாடிக் குழாய், இருபுறமும் இரண்டு ஆணி, ஒரு மின்கலம், ஒரு சிறு விளக்கு. அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரைக் குழாயருகே பிடித்துச் சொடுக்கினோம். முதல் முறை ஒன்றும் நிகழவில்லை. தூளை மாற்றினோம், ஆணியை நெருக்கினோம். ஏழாம் முறையோ எட்டாம் முறையோ, குழாயைத் தொடாமலே, விளக்கு எரிந்தது! ஒரு சிறுமி பென்சிலால் குழாயைத் தட்டினாள், விளக்கு அணைந்தது. மீண்டும் சொடுக்கினாள், எரிந்தது. காசிமேட்டிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்திருந்த சிறுவன் ஒருவன், 'அண்ணே, இது கடல்ல எவ்ளோ தூரம் போகும்?' என்று கேட்டான்.

கதாகாலட்சேபத்துக்குக் கைதட்டிய கூட்டத்தில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அசரீரி எவ்வளவு தொலைவு போகும் என்று கேட்க வழியில்லை, கேட்டால் பாவம். சோதனையோ, கேள் கேள் என்று கெஞ்சுகிறது.

பெற்றோரே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஆய்வுக்கூட அலமாரி எப்போது கடைசியாகத் திறக்கப்பட்டது என்று கேளுங்கள். உடைந்தால் உடையட்டும் என்று சொல்லுங்கள். உடைந்த காந்தத்துக்கும் இரு முனை உண்டு, உடையாத பூட்டுக்குள் கிடக்கும் காந்தத்தால் ஒரு பயனும் இல்லை. இளைஞர்களே, படிப்பகந்தோறும் ஒரு மேசை இடுங்கள். பட்டறையில் உழைக்கும் தோழரை அழைத்து அதன் தலைமாட்டில் அமர்த்துங்கள். போசுக்குக் கருவி செய்த தகரக் கொல்லருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச் சின்னம் அதுவே.

அடுத்த ஆயுத பூசைக்கு முன், அந்தச் சாவி பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்.